அடிப்பக்கம்

நாங்கள் வாங்கிய வீடு 1979இல் கட்டியது. ஒஹையோவில், கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே. சமையல் மேடை மரத்தூள் பலகைமேல் லேமினேட் ஒட்டியது. சிங்க் ஓரத்தில் வருஷக்கணக்காகத் தண்ணீர் இறங்கி, பலகை ஊறி, புளித்த மாவு போல உப்பிக்கொண்டு நின்றது. சப்பாத்திப் பலகையை வைத்தால் ஆடும். மூன்று வருஷம் சகித்துக்கொண்டோம். போன வருஷம் அலமாரிகளை மாற்றும்போது மேடையையும் மாற்றிவிடலாம் என்று முடிவானது.

குவார்ட்ஸ் கல்லுக்கு விலை கேட்டோம். 2,900 டாலர். கான்கிரீட்டில் மேடை வார்த்துத் தருகிற ஒருவரையும் விசாரித்தோம். சின்ன வேலையாக இருந்தாலும் 4,500க்குக் குறைந்து எடுப்பதில்லை என்றார். கல்லைவிடக் கலவைக்கு விலை அதிகம். அவருடைய விசிட்டிங் கார்டில் 'ஆர்ட்டிசன் கான்கிரீட்' என்று போட்டிருந்தது. அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் அம்மா முப்பது வருஷம் சித்தாள்.

இதை இப்படி ஒரே வரியில் எழுத எனக்கு முப்பத்தேழு வயசாகியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். காலேஜில் 'கட்டட வேலை' என்று எழுதினேன். கல்யாணப் பேச்சு வந்தபோது என் கணவர் தன் வீட்டில் "அவங்கம்மா கன்ஸ்ட்ரக்‌ஷன் லைன்ல இருந்தாங்க" என்று சொன்னார். சொல்லித் தந்தது நான்தான். கோயம்புத்தூரில் அவர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். பொய் ஒன்றுமில்லை, லைன்லதானே இருந்தாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நிஜமாகவே லைன்தான். தளம் போடுகிற அன்றைக்குச் சாரத்தில் கீழிருந்து மேல்வரை பொம்பளைகள் வரிசையாக நின்று பாண்டை கைமாற்றுவார்கள். அந்த லைன்.

*

அம்மா ஏப்ரலில் வந்தாள். ஆறு மாச விசா. விமான நிலையத்தில் கைரேகை எடுக்கிற கண்ணாடியில் விரலை வைத்தால் மெஷினுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். துடைத்து வை, அழுத்தி வை, ஈரம் பண்ணி வை என்று அந்த அதிகாரி சைகையில் சொல்லச் சொல்ல இவள் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் எப்படியோ விழுந்திருக்கிறது. வெளியே வந்ததும் என்னிடம் சொன்ன முதல் விஷயமே இதுதான். "ரேகையே இல்லயாம்டி எனக்கு" என்று சிரித்தாள்.

சிமெண்ட் சுண்ணாம்புக் குணம் உள்ளது. தண்ணீர் பட்டதும் தோலைத் தின்ன ஆரம்பிக்கும். முதலில் விரல் நுனி வழவழப்பாகும், அப்புறம் வெடிக்கும். ராத்திரி அம்மா தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி விரலை முக்கி வைத்துக்கொண்டு என்னைப் படிக்கச் சொல்வாள். ஆறாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் எண்ணெய்க்கறை. அது அவள் தொட்ட இடம். அதிலும் கோடு கிடையாது, வெறும் வட்டம்தான்.

எங்களுக்கு விழுப்புரம் பக்கம். நான் நாலாவது படிக்கும்போது அப்பா செத்துப்போக, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் வந்தாள். வேளச்சேரி, மடிப்பாக்கம் எல்லாம் அப்போதுதான் வயலும் ஏரியுமாக இருந்து மனைகளாகிக்கொண்டிருந்தன. கட்டுகிற வீட்டிலேயே ஒரு மூலையில் குடித்தனம். சிமெண்ட் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் எனக்குப் படுக்கை. ஒரு வீடு முடிந்து பால் காய்ச்சுகிறார்கள் என்றால் எங்களுக்கு இடம் மாற்றம். பத்து வயசுக்குள் எத்தனை புது வீட்டில் குடியிருந்திருக்கிறேன் என்று யோசித்தால் பெரிய பணக்காரிதான் நான். தண்ணீர்த் தொட்டியில் குளியல், ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து வாய்ப்பாடு.

1996இல் அம்மாவுக்கு நாள் கூலி அறுபது ரூபாய். கொத்தனாருக்கு நூற்றிருபது. அவளோடு வேலைக்குச் சேர்ந்த பையன்கள் முதலில் கலவை போடுவார்கள். பிறகு மேஸ்திரி இல்லாத நேரத்தில் ஒரு ஓரமாகப் பூசிப் பார்ப்பார்கள். நாலைந்து வருஷத்தில் சொந்தமாகக் கரணை வாங்கிவிடுவார்கள். அம்மா யாருக்கெல்லாம் செங்கல் எடுத்துக் கொடுத்தாளோ அவர்களில் ரெண்டு பேர் பின்னாளில் பெரிய காண்ட்ராக்டர் ஆனார்கள். அவள் தலையில் மட்டும் கடைசிவரை சும்மாடு இருந்தது. 1994இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. சில வருஷம் கழித்து அவளும் அட்டை எடுத்தாள். அந்த அட்டையை இங்கே வரும்போதும் பர்ஸில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். பாஸ்போர்ட் தொலைந்தால் இதைக் காட்டலாமாம்.

*

மேடையை நாமே வார்த்துவிடலாம் என்பது என் யோசனை. அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. பெர்க்லியில் இருக்கிற வடிவமைப்பாளர் ஃபூ-டங் செங் 2002இல் இதைப் பற்றி எழுதிய 'கான்கிரீட் கவுண்டர்டாப்ஸ்' என்ற புத்தகம் எங்கள் ஊர் நூலகத்தில் இருந்தது. பளபளப்பான தாளில், ஓவியக் கண்காட்சிக்குப் போடுகிற மாதிரி படங்கள். எடுத்து வந்து ரெண்டு வாரம் படித்தேன். கணவருக்கு ஒரே குஷி, மரம் அறுக்கிற மெஷின் வாங்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதே. மே கடைசியில் கேரேஜில் ஆறு மூட்டை வந்து இறங்கியது.

அம்மா வந்து பார்த்தாள். ஒரு மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்தாள். "எத்தினி கிலோ?"

"முப்பத்தாறு."

"நம்மூர்ல அம்பது. இங்க மூட்டையும் எளச்சிப் போச்சா?"

இதில் சிமெண்ட் மட்டுமில்லை, மணலும் ஜல்லியும் கலந்தே வருகிறது, தண்ணீர் ஊற்றினால் போதும் என்று விளக்கினேன். கடையில் விற்கிற இட்லி மாவைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அதுவரை சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்தான் கையுறையை மாட்டிக்கொண்டு, "நாங்களே போடப்போறோம்மா. நீ சொல்லிக் கொடு" என்றேன்.

அவள் முகம் மாறியது. "இதுக்காடி உன்னப் படிக்க வச்சேன்?"

"இது சும்மா ஆசைக்கும்மா. இங்க எல்லாரும் பண்றாங்க."

"ஆசைக்கா?" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். ஒரு வாரம் கேரேஜ் பக்கமே வரவில்லை. துணி காயப்போடக்கூட முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

எனக்கும் கோபம்தான். அவள் கஷ்டப்பட்டதை நான் விளையாட்டாக்குகிறேன் என்று நினைக்கிறாளா, இல்லை தான் தூக்கிச் சுமந்து என்னை வெளியே அனுப்பிய இடத்துக்கு நானே காசு கொடுத்துத் திரும்பிப் போகிறேன் என்று நினைக்கிறாளா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. நாங்கள் அப்படியெல்லாம் கேட்டுப் பேசிக்கொள்கிற குடும்பம் இல்லை.

*

நாங்கள் எடுத்துக்கொண்ட முறையில் மேடையைத் தலைகீழாக வார்க்க வேண்டும். வழவழப்பான மெலமைன் பலகையில் பெட்டி மாதிரி அச்சு செய்து, அதற்குள் கான்கிரீட்டை ஊற்றி, இறுகியபின் அச்சைப் பிரித்துப் புரட்டிப் போடுவது. பலகையில் அழுந்தி இருந்த அடிப்பக்கம்தான் மேலே வரும். பலகை எவ்வளவு மழமழவென்று இருக்கிறதோ அவ்வளவு மழமழப்பு மேடைக்கும் வரும். பலகையில் ஒரு முடி கிடந்தால் அந்த முடியும் பதியும்.

சிங்க் பக்கத்துத் துண்டு ஏழடி நீளம், இருபத்தைந்து அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். சிங்க் வரவேண்டிய இடத்தில் தெர்மகோலை வெட்டி ஒட்டினோம். மூலைகளில் சிலிக்கான் பசையைப் பிதுக்கி விரலால் இழுத்து விட்டேன். அப்படி இழுத்தால்தான் மேடையின் விளிம்பு கூர் இல்லாமல் உருண்டு வரும். கம்பி கட்டி, மூன்று மூட்டை கலந்து கொட்டினோம். மூட்டைக்குச் சுமார் மூன்று லிட்டர் தண்ணீர் என்று உறையில் போட்டிருந்தது. கலவை கெட்டியாக, உதிரி உதிரியாக இருந்ததைப் பார்த்து எனக்குப் பயம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றினேன். அப்புறம் பார்த்தால் ரசம்.

நடுவில் அம்மா கதவைத் திறந்து ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டு போனாள். அவள் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

ஜூன் கடைசி சனிக்கிழமை வீட்டில் விருந்து ஏற்பாடாகியிருந்தது. கணவரின் பெரியப்பா மகள் கிளீவ்லாந்திலிருந்து குடும்பத்தோடு வருகிறார். அவர் பார்த்ததெல்லாம் மறுநாள் காலையில் கோயம்புத்தூருக்குப் போய்விடும். அதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ரெண்டாம் நாள் சாயங்காலமே அச்சைப் பிரித்தோம். தொட்டுப் பார்த்தால் கல்லு மாதிரிதான் இருந்தது. நானும் அவரும் ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரரும் அவர் மகனும் மறுபக்கம். தொண்ணூற்றைந்து கிலோ இருக்கும். படுக்கைவாட்டில் தூக்கி அப்படியே புரட்டினோம்.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு 'டக்'. சிங்க் ஓட்டைக்கு முன்னால் நாலங்குலத்துக்கு ஒரு குறுகலான பட்டை இருக்கும் இல்லையா, அந்த இடத்தில் குறுக்காக ஒரு விரிசல். நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகலமானது. கீழே இறக்குவதற்குள் மேடை ரெண்டு துண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் 'சாரி, சாரி' என்று போய்விட்டார். கணவர் குவார்ட்ஸ் கடை எண்ணைத் தேட ஆரம்பித்தார். நான் உடைந்த விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். நான் விரலால் இழுத்த இடமெல்லாம் மெல்லிய கோடுகள். என் கைரேகை. சிலிக்கானில் பதிந்து, சிலிக்கானிலிருந்து கான்கிரீட்டுக்கு வந்திருக்கிறது. ஏழடி நீளத்துக்கு வரி வரியாக.

*

மறுநாள் காலை ஆறரைக்கு கேரேஜில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா புடவையை முட்டிக்குத் தூக்கிச் செருகி, மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். தலையில் துண்டு. பதினெட்டு வருஷமாக நான் பார்க்காத கோலம். நெஞ்சில் 'டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்' என்று எழுதியிருந்த சட்டை. உடைந்த துண்டுகளை இழுத்து ஓரம் கட்டிவிட்டு அச்சுப் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள்ல எவனாவது சென்ட்ரிங் பிரிப்பானா? தாய் மடியில கெடக்குற பச்சப்புள்ளய புடுங்குனா மாதிரி" என்றாள் என்னைப் பார்க்காமலே.

தலைகீழ் அச்சு அவளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மச்சுத் தளத்தின் அடிப்பக்கம் சென்ட்ரிங் தகட்டைப் பார்த்துத்தான் வரும், வீட்டுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் தகட்டின் ஒட்டெல்லாம் தெரியும். "உங்க மேடைன்றது எங்க மச்ச கவுத்துப் போட்டது, அவ்ளோதான்" என்றாள். அம்மா எல்லாம் தெரிந்தவள் என்றும் இல்லை. தெர்மகோல் விஷயம், நார் கலப்பது, சிலிக்கான் எல்லாம் அவளுக்குப் புதுசு. தண்ணீர் விஷயத்திலும் "எங்க சைட்ல ஓட்டமா இருக்கணும்னு அவனுங்களும் ஊத்திக்கினேதான் இருப்பானுங்க. இஞ்சினீரு வந்தா மட்டும் நிறுத்துவானுங்க" என்றாள். ஆனால் எந்தக் கலவை நிற்கும், எது நிற்காது என்பது முப்பது வருஷம் தலையில் சுமந்தவளுக்குக் கழுத்திலேயே தெரியும். தண்ணீர் அதிகமான கலவை பாண்டுக்குள் தளும்புமாம். நடக்கும்போது எதிர்ப்பக்கம் இழுக்குமாம். நல்ல கலவை தலையோடு வருமாம். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

இந்தத் தடவை சிலிக்கானை அவள் இழுத்தாள். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு ஒரே இழுப்பு. டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடிக் குழாயின் உள்பக்கம் மாதிரி இருந்தது. ஒரு கோடு இல்லை.

கலவையை அவளே மம்முட்டியால் புரட்டினாள். அறுபத்திரண்டு வயசு, முட்டி வலி, வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பிடித்துப் பார், பிடி நிற்க வேண்டும், கையில் ஈரம் மட்டும் ஒட்ட வேண்டும் என்று எனக்குக் காட்டினாள். அச்சில் கொட்டியதும் காற்றை எடுக்க வேண்டும். ஊரில் கம்பியை விட்டுக் குத்துவார்கள். இங்கே மரம் தேய்க்கிற மெஷினைத் தாள் மாட்டாமல் ஓடவிட்டு அச்சின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினோம். குமிழ் குமிழாகக் காற்று மேலே வந்து வெடித்தது. "சோறு கொதிக்குது பாரு" என்றாள். கணவர் நீளக் கட்டையால் மேல்மட்டத்தை இழுத்துச் சமம் பண்ணினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். வேலை முடிந்தது என்று நான் தண்ணீர்க் குழாயைத் தேடினேன்.

அம்மா கரணையை எடுத்தாள்.

பதினாறு டாலருக்கு வாங்கிய புதுக் கரணை. வாங்கின உறைகூட முழுசாகக் கிழிக்கவில்லை. கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பிடியை விட்டுப் பிடித்தாள். அப்புறம் அச்சின் ஒரு மூலையில் குனிந்து, தோள்பட்டையிலிருந்து ஒரு வீச்சு. கலவைமேல் பிறை மாதிரி ஒரு வளைவு விழுந்தது. அதை ஒட்டி இன்னொன்று.

"ம்மா, அது அடிப்பக்கம்மா. திருப்பினா கீழ போயிடும். யாருக்கும் தெரியாது" என்றேன்.

"தெரியாட்டி என்னா?" வீச்சை நிறுத்தவில்லை. "மேல வர்ற பக்கத்தப் பலக பாத்துக்கும். அதுல எனக்கு என்னா இருக்குது வேல?"

கொஞ்ச நேரம் கழித்து, "கொத்தனாருங்க சாப்புடப் போனப்போ ஒருக்கா புடிச்சிப் பாத்தேன். மடிப்பாக்கத்துல. படிக்கட்டுக்குக் கீழ ஒரு சின்ன செவுரு. மேஸ்திரி பாத்துட்டு, கீழ போடுறீ, சாமானுக்குத் தோஷம்னான்" என்றாள். அதைச் சொல்லும்போது கோபமெல்லாம் இல்லை, ஞாபகம் வந்ததைச் சொல்கிறவள் மாதிரிதான் சொன்னாள்.

முக்கால் மணி நேரம் தேய்த்தாள். தண்ணீர் மேலேறி வற்றும்வரை காத்திருந்து மறுபடி ஒரு சுற்று. முதல் சில வீச்சில் கரணை நுனி குத்திக்கொண்டது, கோடு விழுந்தது. பிறகு விழவில்லை. நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

*

கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து வேறொன்றாக மாறுகிறது, அதற்குத் தண்ணீர் இருந்துகொண்டே இருக்க வேண்டும். இருபத்தெட்டு நாள் கணக்கு சொல்வார்கள், முதல் ஏழு நாள்தான் முக்கியம். ஊரில் மச்சுமேல் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள், தூணுக்குச் சாக்கு சுற்றி நனைப்பார்கள். அம்மாவின் முதல் வேலையே அதுதான், விடியற்காலையில் எல்லோரும் வருவதற்கு முன் தண்ணீர் விடுவது. என்னையும் ஒரு குடத்தோடு கூடக் கூட்டிப் போவாள். வெயில் ஏறாத நேரத்தில் புதுத் தளத்தில் நின்றால் உள்ளங்காலில் லேசான சூடு தெரியும். சிமெண்ட் மாறும்போது வருகிற சூடு அது என்று பிறகு காலேஜில் படித்தேன். அப்போது வீட்டுக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வேன்.

இங்கே சாக்கு கிடைக்கவில்லை. பழைய படுக்கை விரிப்பை நனைத்துப் போட்டு அதன்மேல் பிளாஸ்டிக் தாள் மூடினாள். காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. விருந்துக்கு இன்னும் பத்தே நாள் இருந்தது. எட்டாம் நாள்தான் பிரிக்கவிட்டாள். இந்தத் தடவை கதவைத் தூக்குவது போல நெட்டுக்குத்தலாக நிறுத்தி, சிங்க் ஓட்டைக்குள் தெர்மகோலை எடுக்காமலே, ரெண்டு பக்கமும் கட்டை வைத்துக் கட்டித் திருப்பினோம். சின்னத் துண்டும் கூடவே வார்த்திருந்தோம், அது பிரச்சினையே கொடுக்கவில்லை.

மேல்பக்கம் சாம்பலும் வெள்ளையுமாக மேகம் மாதிரி இருந்தது. ஊசி முனை அளவுக்கு அங்கங்கே ஓட்டைகள். சிமெண்டைப் பசையாகக் குழைத்து அடைத்து, வைரப் பொடி பதித்த தகடுகளால் தண்ணீர் விட்டுவிட்டுத் தேய்த்தோம். ஐம்பது, நூறு, இருநூறு, நானூறு என்று நுண்மை ஏறிக்கொண்டே போகும். இந்த வேலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ரெண்டு நாள் சேறும் இரைச்சலும். விளிம்பு மட்டும் தேய்க்கத் தேவையே இல்லாமல் வந்திருந்தது.

அலமாரிகள்மேல் தூக்கி வைத்தோம். மேலே பூசுகிற பூச்சு மறுநாள் பூசுவதாக இருந்தது. கான்கிரீட்டுக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சை, புளி, தயிர் எது சிந்தினாலும் அரித்துவிடும். நம் சமையலுக்கு இதைவிடப் பொருந்தாத மேடை உலகத்தில் இல்லை என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை பாருங்கள். காலையில் நான் எழுந்து வருவதற்குள் அம்மா குளித்து, மேடை நடுவில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, அருகம்புல்லுக்குப் பதில் தோட்டத்துப் புல்லைச் செருகிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பூசாத பச்சை மேடைமேல் ஈர மஞ்சள்! அலறிக்கொண்டு எடுத்தேன். அடியில் ரெண்டு ரூபாய் அகலத்துக்குச் செக்கச்செவேலென்று ஒரு வட்டம்.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியாததில்லை. சிமெண்டும் அந்தச் சுண்ணாம்புக் குணம்தான். எலுமிச்சை தேய்க்கலாமா, தேய்த்தால் அரிக்குமே என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அம்மா நிதானமாக, "தானாவே ஆரத்தி எடுத்துக்கிச்சு. வுடு" என்றாள். திரும்பத் தேய்த்துப் பார்த்தும் முழுசாகப் போகவில்லை. பூச்சைப் பூசினோம். இப்போது அது வெளுத்து ஒரு தேமல் மாதிரி கிடக்கிறது. அந்த இடத்தில் நான் தட்டு வைப்பதில்லை.

*

விருந்துக்குப் பதினேழு பேர். எல்லோரும் சமையலறையில்தான் நின்றார்கள், எப்போதும் அப்படித்தான் நிற்பார்கள். கணவரின் பெரியப்பா மகள் மேடையைத் தடவிப் பார்த்தார். விளிம்பில் விரலை ஓட்டினார். "யாருகிட்ட குடுத்தீங்க? செம ஃபினிஷிங்."

"நாங்களே பண்ணினோம்" என்றேன். கணவர் உற்சாகமாகி, "அத்தைதான் மெயின். நாங்க ஹெல்ப்பர்" என்றார்.

"ஆமால்ல, ஆன்ட்டி கன்ஸ்ட்ரக்‌ஷன் லைன்ல இருந்தாங்கன்னு சித்தி சொன்னாங்களே. பில்டரா ஆன்ட்டி?"

அம்மா டீத் தம்ளரை மேடைமேல் வைத்தாள். "பில்டரு இல்லம்மா. சித்தாளு. கல்லு, கலவ தூக்குறது. முப்பது வருசம்."

ரொம்ப நேரமெல்லாம் இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். யாரோ "வாவ் ஆன்ட்டி, சூப்பர்" என்றார்கள். இன்னொருவர் தன் தாத்தாவும் ரொம்பக் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர் என்று ஆரம்பித்தார். நான் ஐஸ் எடுக்க கேரேஜுக்குப் போனேன். ஐஸ் உள்ளேயே இருந்தது. கேரேஜில் உடைந்த பழைய மேடை சுவரில் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது அம்மா அந்தப் பெரியப்பா மகளிடம் எட்டு நாள் தண்ணீர் விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்தாரா, இல்லை கோயம்புத்தூருக்குச் சொல்லப் போவதை மனசில் எழுதிக்கொண்டிருந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"இல்ல..."

"நீ என்னா சொல்லி வச்சிருக்கேன்னு எனக்கு எப்பிடிடீ தெரியும்?" என்றாள். தெரியும் என்பது குரலில் இருந்தது. "சொல்லியிருந்தீன்னா நானும் அதையே சொல்லியிருப்பேன்." தட்டைக் கழுவி என் கையில் கொடுத்தாள். நான் துடைத்து அடுக்கினேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாசம் போன் வரவில்லை. பிறகு வந்தது. மாமியார் மேடையைப் பற்றிக் கேட்டார், அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகொரு நாள் கேட்டார்.

*

அம்மா அக்டோபரில் கிளம்பினாள். கரணையைக் கழுவி, எண்ணெய் தடவி, பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனாள். 

பூச்சு பூசியும் மேடையில் கறை விழத்தான் செய்கிறது. ரசம் பொங்கிய இடம், எலுமிச்சை மூடி கவிழ்ந்து கிடந்த இடம் என்று அங்கங்கே மங்கல். முதலில் ஒவ்வொன்றுக்கும் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இப்போது ஓடுவதில்லை.

நவம்பரில் ஒருநாள் சிங்குக்குக் கீழே ஈரம். அலமாரிக் கதவைத் திறந்து, சாமான்களை வெளியே எடுத்து, மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டேன். இந்த அலமாரிகளுக்கு மேல்மூடி கிடையாது, மேடைதான் கூரை. டார்ச்சை அடித்தேன். கான்கிரீட்டின் அடிப்பக்கம் முகத்துக்கு ஓரடி உயரத்தில். பிறை பிறையாக வளைவுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மீன் செதில் மாதிரி அந்தக் கோடி வரை. இடது மூலையில் ஆரம்பித்த இடம் தெரிந்தது, அங்கே நுனி குத்திய கோடுகள். வலப்பக்கம் போகப் போக வளைவுகள் நீளமாகி, ஒரே சீராகி, வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தன.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே விடிந்திருந்தது.

"என்னாடி இருட்டுல இருக்க? ஒழுகுதா?"

"நட்டு லூஸும்மா. இதப் பாரு" என்று கேமராவைத் திருப்பி, டார்ச்சை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்த்தினேன்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கொழா கிட்ட காட்டு. இன்னும் கொஞ்சம் இந்தாண்ட. ஆங்... அங்க பாரு, ஒரு மேடு வுட்டுட்டேன்."